நீர்வண்ண ஓவியக் கண்காட்சிக்குப் போகிறீர்களா? முதலில் வெள்ளையைத் தேடுங்கள்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார்: மகள் ஒன்பதாவது படிக்கிறாள், எந்நேரமும் வாட்டர் கலரும் கையுமாக இருக்கிறாள், விடுமுறைக்குச் சென்னை போகும்போது நீர்வண்ண ஓவியக் கண்காட்சி ஒன்றுக்குக் கூட்டிப்போகச் சொல்லி நச்சரிக்கிறாள், எனக்கோ ஓவியத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, உள்ளே போய் என்ன பார்ப்பது, எப்படிப் பார்ப்பது, ஓவியரிடம் பேசலாமா, பிடித்தால் ஒரு படம் வாங்கலாமா, வாங்கினால் நம் கடலோர வீட்டில் அது தாங்குமா?

நல்ல கேள்விகள். நான் ராமநாதபுரத்தில் பிள்ளைகளுக்கு வாட்டர் கலர் சொல்லிக்கொடுப்பவள், மதுரையிலோ சென்னையிலோ கண்காட்சி என்றால் ரயிலேறிவிடுவேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏன் என்று பின்னால் வருகிறேன்.

எண்ணெய் வண்ணத்துக்கும் நீர்வண்ணத்துக்கும் என்ன வித்தியாசம் என்பது தெரிந்தால் பாதிக் கண்காட்சி புரிந்த மாதிரி. நீர்வண்ணம் என்பது நுண்ணிய நிறப்பொடி, அதைக் காகிதத்தில் பிடித்துவைக்க வேல மரப் பிசின், அப்புறம் தண்ணீர், அவ்வளவுதான். (அந்தப் பிசின் பெரும்பாலும் சூடான் நாட்டிலிருந்து வருகிறது, நம் மாவட்டம் முழுக்க மண்டிக்கிடக்கும் சீமைக் கருவேலம் வேறு மரம்.) தண்ணீர் காய்ந்தபின் காகிதத்தின் மேல் மிக மெல்லிய, ஒளி ஊடுருவும் ஒரு படலம் மிஞ்சுகிறது. வெளிச்சம் அந்தப் படலத்தைக் கடந்து காகிதத்தின் வெள்ளையில் பட்டு, திரும்ப அதே படலம் வழியாக நம் கண்ணுக்கு வருகிறது. நல்ல நீர்வண்ணப் படம் உள்ளிருந்து ஒளிர்வதுபோலத் தெரிவதற்குக் காரணம் இதுதான். எண்ணெய் வண்ணத்தில் இருட்டின் மேல் வெளிச்சத்தை வைக்கலாம், கடைசியில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்துக் கண்ணுக்கு உயிர் கொடுக்கலாம். நீர்வண்ணத்தில் அது நடக்காது. வெள்ளை வேண்டும் என்றால் அந்த இடத்தைத் தொடாமல் விடவேண்டும், அதுவும் முதல் வாஷ் (தண்ணீரில் கரைத்த நிறத்தைப் பரவலாகத் தடவும் பூச்சு) போடுவதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். வெள்ளைப் பெயின்ட் இல்லாமல் இல்லை, 1834-லேயே லண்டனில் வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனம் சைனீஸ் ஒயிட் என்ற பெயரில் துத்தநாக வெள்ளையை விற்க ஆரம்பித்துவிட்டது, பெரிய ஓவியர்கள் பலர் அதைத் தாராளமாகப் பயன்படுத்தியும் இருக்கிறார்கள். ஆனால் காகிதத்தின் வெள்ளைக்கு இருக்கும் சுத்தம் அதற்கு வராது, அருகே போனால் சுண்ணாம்பு தடவியதுபோலத் தனியாகத் தெரியும்.

அதனால் கண்காட்சியில் எந்தப் படத்தின் முன் நின்றாலும் முதலில் வெள்ளையைத் தேடுங்கள். ஓவியர் எதை விட்டுவைத்தார் என்று பாருங்கள். நான் சொல்லும் எல்லாவற்றையும் மறந்துபோனாலும் இது ஒன்றை மட்டும் மகளும் நீங்களும் செய்தால் போதும், கண் தானாகத் திறந்துகொள்ளும்.

ஒரு உதாரணம். மதுரையில் ஒரு கண்காட்சியில் நான் நெடுநேரம் நின்று பார்த்த படம்: பாம்பன் கரையில் காலை வெயிலுக்கு எதிராக நாலைந்து வல்லங்கள். வெயில் பின்னாலிருந்து வருவதால் வல்லங்கள் எல்லாம் இருட்டு, அவற்றின் முன்னால் நங்கூரக் கயிறு மட்டும் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடாக மணலுக்கு இறங்குகிறது. தூரத்திலிருந்து பார்த்தபோது கடைசியில் வெள்ளைப் பெயின்டில் இழுத்த கோடு என்றுதான் தோன்றியது. கிட்டப் போய்ப் பார்த்தால் கயிறே அங்கே வரையப்படவில்லை. கயிற்றுக்கு மேலே ஒரு கருநீல வாஷ், கீழே ஒரு பழுப்பு வாஷ், இரண்டும் ஒரு மயிரிழை இடைவெளி விட்டு நின்றிருக்கின்றன. அந்த இடைவெளிதான் கயிறு. ஓரிடத்தில் மேலும் கீழும் உள்ள நிறங்கள் ஒன்றையொன்று தொட்டுக் கலந்துவிட்டதால் கயிறு ஒரு விரல் அகலத்துக்குக் காணாமல் போகிறது, ஆனால் இரண்டடி தள்ளி வந்தால் நம் கண்ணே அதைச் சேர்த்துக்கொள்கிறது. வல்லத்தின் நிழலில் உட்கார்ந்திருந்த ஆள் மொத்தம் மூன்று தடவல்: தலை, கைலி, நீட்டிய கால். முகம் கிடையாது. ஆனாலும் அவர் வலை பழுதுபார்க்கிறார் என்று பார்த்தவுடனே தெரிந்தது, குனிந்திருக்கும் தோளே சொல்லிவிட்டது. கீழே இடது மூலையில் பென்சில் கோடுகளை அழிக்காமல் அப்படியே விட்டிருந்தார். அந்தக் கோடுகளைப் பார்த்தால், கயிறு எங்கே வரும் என்று பிரஷைத் தொடுவதற்கு முன்பே அவர் குறித்துவைத்திருந்தது புரிந்தது.

இப்படிப் பார்ப்பதற்குக் கொஞ்சம் இடம் மாறி மாறி நிற்க வேண்டும். முதலில் அரங்கம் முழுவதையும் ஒரு சுற்று வேகமாகச் சுற்றி வந்துவிடுங்கள், எதிலும் நிற்க வேண்டாம். திரும்ப வரும்போது உங்கள் காலை இழுக்கும் படங்கள் மூன்றோ நாலோ இருக்கும், அவற்றோடு மட்டும் நேரம் செலவழியுங்கள். 60 படத்தையும் ஒரே அளவு நேரம் பார்த்தால் எதுவும் மனசில் தங்காது. பிடித்த படத்தை முதலில் எட்டி நின்று, பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு அடி தூரத்தில், கடைசியாகப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். பக்கவாட்டில் பார்த்தால்தான் காகிதத்தின் மேடுபள்ளம் தெரியும். படங்கள் கண்ணாடிக்குள் இருப்பதால் விளக்கும் உங்கள் சட்டையும் அதில் தெரியும், வெளிர்நிறச் சட்டையைவிட அடர்நிறச் சட்டை போட்டுப் போனால் பிரதிபலிப்பு குறையும். சின்ன விஷயம்தான், ஆனால் உதவும்.

மகளுக்குப் பிடிக்கக்கூடிய இடம் இனிமேல்தான் வருகிறது, தண்ணீர் என்னென்ன செய்கிறது என்பது. ஈரமான காகிதத்தில் ஈரமான நிறத்தை விட்டால் அது தானாகப் பரவும், விளிம்பு கரைந்து நிற்கும், மேகமும் மூடுபனியும் தூரத்துப் பனங்கூட்டமும் அப்படித்தான் வரும். இதை வெட் ஆன் வெட் என்பார்கள். காய்ந்த காகிதத்தில் போட்டால் விளிம்பு கத்தி மாதிரி நிற்கும். ஒரே படத்தில் எந்த விளிம்பு கரைகிறது, எந்த விளிம்பு நிற்கிறது என்று பாருங்கள். நல்ல ஓவியர் நம் கண் எங்கே நிற்க வேண்டும் என்று நினைக்கிறாரோ அங்கே கூர்மையை வைத்து, மற்ற இடங்களில் கரையவிட்டிருப்பார். எல்லா விளிம்பும் கூர்மையாக இருக்கும் படம் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் எனக்கு மூச்சுமுட்டும்.

பிரஷில் தண்ணீர் குறைவாக வைத்துக்கொண்டு, படுக்கையாகப் பிடித்து, சொரசொரப்பான காகிதத்தின் மேல் சட்டென்று இழுத்தால் நிறம் மேட்டில் மட்டும் ஒட்டும், பள்ளங்கள் வெள்ளையாகவே நிற்கும். ட்ரை பிரஷ் என்பது இதுதான். வெயில் நேரத்தில் கடல் மினுமினுப்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட வேறு வழியே இல்லை, ஒரே இழுப்பில் ஆயிரம் ஒளிப்புள்ளிகள் வந்துவிடும். இதற்கு நேர்மாறானது சில நிறங்களின் குணம். அல்ட்ராமரின் நீலம் மாதிரி சிலவற்றின் பொடி கொஞ்சம் பெரிது, தண்ணீர் வற்றும்போது அது காகிதத்தின் பள்ளங்களில் போய்ப் படிந்துவிடும், வானம் முழுக்க மெல்லிய மணல்மணலாகத் தெரியும். தேலோ நீலம் அப்படிப் படியாது, சாயம் மாதிரி காகிதத்தில் ஊறி, வழவழவென்று ஒரே சீராக நிற்கும், அப்புறம் கழுவினாலும் முழுதாகப் போகாது. இரண்டு ஓவியர்களின் வானத்தை அடுத்தடுத்துப் பார்க்க வாய்த்தால் இந்த வித்தியாசத்தை மகளிடம் காட்டுங்கள்.

சில படங்களில் பூப்போல விரிந்த கறைகள் இருக்கும், ஓரம் சுருள்சுருளாக. ஒரு வாஷ் பாதி காய்ந்த நிலையில் அதில் கூடுதலாகத் தண்ணீர் விழுந்தால் அது உள்ளிருக்கும் நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் விட்டுவிடும். காலிஃபிளவர் என்றே ஓவியர்கள் அதற்குப் பேர் வைத்திருக்கிறார்கள். தெரியாமல் விழுந்ததா, வேண்டுமென்றே விட்டதா என்பதைச் சுற்றியிருக்கும் இடத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். வேண்டுமென்று செய்தவர் அதைப் புதராகவோ நுரையாகவோ மாற்றியிருப்பார். உப்பும் போடுவார்கள். ஈரம் மினுமினுப்பாக இருக்கும்போது நாலு கல் உப்பைத் தூவினால் ஒவ்வொரு கல்லும் தன்னைச் சுற்றியிருக்கும் தண்ணீரை இழுக்கும், காய்ந்தபின் தட்டிவிட்டால் நட்சத்திரம் நட்சத்திரமாக வெளிர்ந்த புள்ளிகள் நிற்கும். வாலிநோக்கம் உப்பளத்து உப்பே போதும், இதற்கென்று கடையில் எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஆனால் அதிகமாகப் போனால் படத்தில் உப்பு மட்டும்தான் தெரியும். எனக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை, பிள்ளைகள் ஆசைப்பட்டால் தடுப்பதும் இல்லை.

இப்போது நீங்கள் ஒன்றும் தெரியாது என்று சொன்னதற்கு வருகிறேன். மண்டபத்தில் இருக்கிறீர்கள். ஒரு பக்கம் பாக் விரிகுடா, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா, பெண் கடல், ஆண் கடல் என்று நம் ஆட்கள் சொல்வது சின்ன வயதிலிருந்தே உங்கள் காதில் விழுந்திருக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தெற்கே மன்னார் கடல் கொந்தளித்துக் கலங்கிக்கிடக்கும்போது வடக்கே கடல் தட்டையாகக் கிடக்கும், வாடை வந்தால் அப்படியே மாறிப்போகும். ஆழம் குறைந்த இடத்தில் தண்ணீர் பச்சை, பாறை இருக்கும் இடத்தில் கறுப்பு, மணல் இருக்கும் இடத்தில் வெளிர், மேகம் கடக்கும்போது அத்தனையும் சாம்பல் என்று கரையில் நின்றே சொல்லிவிடுகிறவர்கள் நாம். அலை விலகிய ஈர மணலில் வானத்தின் நிறம் கிடக்கும் என்பதும், வல்லத்தின் நிழல் தண்ணீரில் விழுவதும் மணலில் விழுவதும் ஒரே நிறமில்லை என்பதும் உங்களுக்குத் தினமும் கண்ணில் படுவதுதான். சென்னையில் அந்த அரங்கத்துக்குள் வருகிறவர்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது. கடல் படத்தின் முன்னால் நின்று, இது எந்த நேரம், காற்று எந்தப் பக்கம், கடல் ஏற்றத்தில் இருக்கிறதா வற்றத்தில் இருக்கிறதா என்று உங்களால் கேட்க முடியும். பதில் படத்திலேயே இருந்தால் அவர் அந்தக் கடலோரத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். ஒரே நீலத்தை மேலிருந்து கீழே வரை இழுத்திருந்தால், எவ்வளவு அழகான நீலமாக இருந்தாலும், கடலைப் பார்க்காமல் வரைந்தது என்று தைரியமாகச் சொல்லலாம்.

வெளியில் உட்கார்ந்து வரைவது என்ன பாடு என்பதையும் நாம்தான் சரியாக மதிப்பிட முடியும். தனுஷ்கோடியில் கச்சான் வீசும்போது பலகையை விரித்தால் வாஷ் போட்டு முடிப்பதற்குள் மேல்பாதி காய்ந்துவிடும், மணல் வந்து ஒட்டிக்கொள்ளும், உற்றுப் பார்த்தால் அந்த மணல் படத்தில் இருக்கும். ஐப்பசி கார்த்திகையில் அதே வாஷ் ஈரம் போகாமல் கிடக்கும், அடுத்த நிறத்தை வைக்கக் காத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நீர்வண்ணப் படத்தில் அன்றைய காற்றும் ஈரமும் கூடச் சேர்ந்து வேலை செய்திருக்கின்றன. ஸ்டுடியோவில் போட்டோவைப் பார்த்து வரைந்த படம் மட்டம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் இடத்திலேயே போட்ட படத்தில் ஒரு அவசரம் இருக்கும், அந்த அவசரத்தில் தேவையில்லாததெல்லாம் உதிர்ந்துபோயிருக்கும்.

படத்துக்குக் கீழே இருக்கும் சீட்டையும் படியுங்கள். 'வாட்டர்கலர் ஆன் பேப்பர்' என்றால் நாம் பேசிக்கொண்டிருப்பது. 'குவாஷ்' என்றால் அதே பிசின்தான், ஆனால் ஒளி ஊடுருவாத கனமான நிறம், அங்கே வெள்ளையைத் தேடும் விதி பொருந்தாது. 'மிக்ஸட் மீடியா' என்றால் மையோ பாஸ்டலோ அக்ரிலிக்கோ சேர்ந்திருக்கும். 'ஜிக்லே' என்று இருந்தால் அது அச்சுப் பிரதி, நல்ல அச்சாகவே இருந்தாலும் மூலப்படத்தின் விலைக்கு வாங்கக் கூடாது. அளவு பெரும்பாலும் அங்குலத்தில் இருக்கும்: 22க்கு 30 முழுத்தாள், 15க்கு 22 அரைத்தாள், 11க்கு 15 கால்தாள். முழுத்தாளில் ஒரு வானத்தை ஒரே மூச்சில், இடையில் கோடு விழாமல் இறக்கியிருந்தால் அந்தக் கையை மதிக்கத்தான் வேண்டும். சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் விற்றுவிட்டது.

வரலாறு கொஞ்சம் தெரிந்திருந்தால் சில பெயர்கள் கண்ணில் பட்டதும் பிடிபடும். காகிதத்தில் நீர்வண்ணம் நம்மூருக்கு அந்நியம் இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19-ஆம் நூற்றாண்டிலும் தஞ்சாவூர் ஓவியர்கள் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்காக நம் மக்களை, தொழில்களை, விழாக்களை நீர்வண்ணத்தில் வரைந்து தள்ளியிருக்கிறார்கள். திருச்சியில் அதையே மைக்கா தகட்டின் மேல் செய்தார்கள். சென்னை ஓவியக் கல்லூரி 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் ஆரம்பித்தது. அதன் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், பின்னாளில் எழுத்தும் குறியீடுமாக வரைந்த படங்களுக்காகப் பேர் வாங்கியவர், இளமையில் நிலக்காட்சிகளை நீர்வண்ணத்தில் வரைந்துதான் கவனம் பெற்றார். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக முன்னின்றவரும் அவரே. வங்காளத்தில் அவனீந்திரநாத் தாகூர் செய்தது வேறு வகை. 1903 வாக்கில் கல்கத்தா வந்த ஜப்பானிய ஓவியர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு, நிறம் போட்ட தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்து, ஒரு மங்கலான ஒளி படம் முழுக்கப் பரவும்படி செய்தார். 1905-இல் அவர் வரைந்த பாரத மாதா அப்படி வந்ததுதான். கண்காட்சியில் 'வாஷ்' என்று தனியாகக் குறிப்பிட்டிருந்தால் இந்த மரபாக இருக்க வாய்ப்புண்டு. அப்புறம் நம் வீடுகளில் பழைய தீபாவளி மலர்கள் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். ஓவியர் சில்பியின் கோயில் சிற்பப் படங்களை மகளுக்குக் காட்டுங்கள், கல்லின் மேல் வெயில் விழுவதை எப்படிக் காட்டியிருக்கிறார் என்று.

அரங்கத்துக்குள் வெளிச்சம் மங்கலாக இருந்தால் குறைசொல்ல வேண்டாம். நீர்வண்ணத்துக்கு வெளிச்சம் எதிரி. பழைய காலத்து அலிசரின் கிரிம்சன் மாதிரி சில சிவப்புகள் வெயிலில் வெளுத்தே போய்விடும். 1888-இல் ரஸ்ஸல், ஆப்னி என்ற இருவர் இங்கிலாந்தில் இதைச் சோதித்துப் பெரிய அறிக்கையே கொடுத்தார்கள். இன்றைக்கு அருங்காட்சியகங்கள் காகிதத்தில் வரைந்த படங்களுக்கு 50 லக்ஸ் அளவுக்கு மேல் வெளிச்சம் விடுவதில்லை, நம் மதிய வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். வியன்னாவின் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கும், ஜெர்மன் ஓவியர் டியூரரின் முயல், 1502-இல் வரைந்தது, அதன் மூலப்படத்தை எப்போதாவதுதான் வெளியே எடுக்கிறார்கள், இந்த ஒரே காரணத்துக்காக. அதனால் பிளாஷ் போட வேண்டாம். போட்டோ எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள்.

ஓவியரிடம் தாராளமாகப் பேசலாம். தனிநபர் கண்காட்சி என்றால் பெரும்பாலும் அவரே ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார், யாராவது வந்து கேட்கமாட்டார்களா என்றுதான் காத்திருப்பார். இதை வரைய எத்தனை மணிநேரம் ஆச்சு என்று எல்லாரும் கேட்பார்கள். அதை விட்டுவிட்டு, இதில் எதை முதலில் போட்டீர்கள், எதைக் கடைசியில் போட்டீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள் மகளை. அந்தக் கேள்விக்கு ஓவியர் முகம் மலரும், படத்தின் முன்னால் கூட்டிப்போய்க் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுவார். ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் எடுத்துப்போகட்டும், பேனாவும் கலரும் அரங்கத்துக்குள் வேண்டாம். பிடித்த படத்தின் இருட்டு, நடுத்தரம், வெள்ளை மூன்றையும் மட்டும் உள்ளங்கை அளவில் குறித்துக்கொண்டால் பத்து போட்டோவுக்குச் சமம்.

மகள் போடும் வண்ணமெல்லாம் சேறுபோல மங்கிப்போகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். முக்கால்வாசி நேரம் அதற்கு இரண்டே காரணம். பாதி காய்ந்த வாஷை மறுபடி மறுபடி பிரஷால் சீண்டுவது ஒன்று, மூன்று நாலு நிறங்களைக் கலந்துவிடுவது இன்னொன்று. இரண்டு நிறம் கலந்தால் போதும், போட்டதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகவேண்டும். அடுத்தது காகிதம். சார்ட் பேப்பரிலும் சாதாரண டிராயிங் நோட்டிலும் தண்ணீர் பட்டதும் தாள் நெளிந்து குளம் கட்டும், அதில் யார் போட்டாலும் சேறுதான். 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) பருத்திக் காகிதம் விலை கூடுதல், ஆனால் ஒரு முழுத்தாளை எட்டாகக் கிழித்துக்கொண்டால் கட்டுப்படியாகும். கலர் பெட்டியைப் பெரிதாக்குவதற்கு முன் காகிதத்தை மாற்றுங்கள். கண்காட்சியில் ஓரங்களை மறைக்காமல் மிதக்கவிட்டுச் சட்டம் போட்ட படம் இருந்தால், தாளின் தடிமனையும் பிசிறான விளிம்பையும் காட்டுங்கள், அவளுக்கே புரிந்துவிடும்.

எங்கே போவது என்றால், கிரீம்ஸ் ரோட்டில் லலித் கலா அகாடமி இருக்கிறது, படங்கள் அடிக்கடி மாறும், போவதற்கு முன் என்ன நடக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம், அதே சாலையில் இன்னும் தெற்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா அருங்காட்சியகம், இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆனால் சென்னை போகும் முன்பே ஒரு அரைநாள் ராமநாதபுரம் அரண்மனைக்குள் ராமலிங்க விலாசத்துக்குக் கூட்டிப்போங்கள். அது காகித நீர்வண்ணம் இல்லை, சுவரோவியம், 18-ஆம் நூற்றாண்டு, சேதுபதிகள் காலம். தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், ஐரோப்பியர் சேதுபதியைச் சந்திப்பது, ராமாயணக் காட்சிகள் என்று சுவர் முழுக்க இருக்கிறது. ஒரு படத்தின் முன்னால் பொறுமையாக நிற்கக் கற்றுக்கொள்ள அதைவிடப் பக்கத்தில் வேறு இடம் நமக்கு இல்லை, அவ்வளவு பக்கத்தில் இருந்தும் நம் பிள்ளைகளில் பலர் பார்த்ததில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

கடைசியாக, வாங்குவது. பிடித்திருந்தால் வாங்குங்கள், கால்தாள் படங்கள் பெரிய படங்களைவிடக் கைக்கு எட்டும் விலையில் இருக்கும், சட்டமில்லாமல் தருவீர்களா என்று கேட்டால் இன்னும் குறையலாம். வெளுக்காத நிறங்களா, பருத்திக் காகிதமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஒளிக்க வேண்டிய விஷயமில்லை, எந்த ஓவியரும் சொல்லுவார். நம் கடலோர வீட்டில் தாங்குமா என்றால், தாங்கும், கவனம் வேண்டும். உப்புக்காற்றைவிட ஈரம்தான் பெரிய தொல்லை, காகிதத்தில் பழுப்புப் புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும், ராமபாணப் பூச்சி வந்து பிசினுக்காகவே தாளைத் தின்னும். சட்டம் போடுகிறவரிடம், படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அமிலமில்லாத மவுன்ட் அட்டை கட்டாயம் வேண்டும், தாள் கண்ணாடியைத் தொடவே கூடாது, சட்டத்தின் பின்பக்கம் முழுக்க டேப் ஒட்டி மூடவேண்டும் என்று சொல்லிவிடுங்கள். செலோடேப்பும் பெவிகாலும் படத்தின் மேல் படக்கூடாது. மேற்கு வெயில் விழும் சுவரும், மழைச்சாரல் வாங்கும் வெளிச்சுவரும், சமையலறைப் பக்கமும் வேண்டாம், வீட்டுக்குள் நடுச்சுவர் ஒன்றில் மாட்டுங்கள். சட்டத்தின் பின்னால் கீழ் மூலைகள் இரண்டிலும் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போய்வரும். வாடை மாதங்களில் ஒருமுறையாவது இறக்கிப் பின்பக்கத்தைப் பார்த்துத் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.